நண்பன் சொன்னால் கடையை அடைப்பதா?

வட்டக்கோட்டை காட்டும் மிளகுக் கணக்கும் மணல் கணக்கும்

கடைத்தெருவில் இரண்டு பெரிய வியாபாரிகள். இருவருக்கும் பகை.

அவர்களில் ஒருவர் சின்னக் கடைக்காரர்களைக் கூப்பிடுகிறார். "அந்த ஆளுக்கு நீங்கள் யாரும் சரக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் உங்களுக்குக் கடன் கிடையாது" என்கிறார்.

சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? பெரியவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. சரக்கை விற்காமலும் இருக்க முடியாது. வீட்டில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

நாடுகளுக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது. பெரிய நாடு ஒன்றுக்கு ஒரு போட்டி நாடு இருக்கும். அந்தப் போட்டி நாட்டை அடக்க வேண்டும். சண்டை போட்டால் செலவு அதிகம், உயிர்ச்சேதமும் அதிகம். அதனால் தூதர்கள் கிளம்புகிறார்கள். நட்பு நாடுகளின் கதவைத் தட்டுகிறார்கள். "அவனுக்கு விற்காதே, அவனிடம் வாங்காதே" என்று கேட்கிறார்கள்.

இது நல்லதா, கெட்டதா? எல்லாச் சமயத்திலும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சரி சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

நஷ்டம் யார் தலையில்?

இந்தக் கேள்வியின் அருமை தெரிய வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். கன்னியாகுமரிக்கு அருகில் உள்ள வட்டக்கோட்டைக்குப் போனால் போதும்.

கோட்டைக்குப் பின்னால் ஒரு மிளகுக் கதை

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தூரத்தில், கடலை ஒட்டிக் கருங்கல்லால் கட்டப்பட்ட கோட்டை அது. மேலே ஏறி நின்றால் மூன்று பக்கமும் காற்று அடிக்கும். கீழே அலை மோதும். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துப் போகிறார்கள்.

இந்தக் கோட்டையை வலுப்படுத்திக் கட்டியவர் டிலனாய். அவர் திருவிதாங்கூர்க்காரர் அல்ல. டச்சுக் கம்பெனியின் படையில் இருந்தவர். 1741-ம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டார். பிறகு அந்த மன்னருக்கே தளபதி ஆனார். படைகளைப் பழக்கினார். கோட்டைகளைக் கட்டினார். 1777-ல் இறந்தார். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது.

டச்சுக்காரர்கள் ஏன் குளச்சலுக்கு வந்தார்கள்? மண் ஆசையாலா? இல்லை. மிளகு ஆசையால்!

குமரி மாவட்டத்தில் நல்லமிளகு என்று சொல்வார்களே, அந்த மிளகுதான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அதற்கு அப்படி ஒரு கிராக்கி.

1663-ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு மலையாளக் கரையில் இருந்த சிற்றரசர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். கொச்சி, காயங்குளம், புறக்காடு என்று பல அரசுகளோடு ஒப்பந்தம் எழுதினார்கள்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: "மிளகை எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். வேறு ஐரோப்பியருக்கு விற்கக் கூடாது. பதிலுக்கு உங்களுக்கு ஆபத்து வந்தால் நாங்கள் காப்பாற்றுவோம்."

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் விலை என்ன? கம்பெனி நிர்ணயித்த விலை. வெளிச்சந்தையில் அதைவிட அதிகம் கிடைத்தது. இங்கிலீஷ்காரர்கள் அஞ்சுதெங்கில் பண்டகசாலை வைத்துக்கொண்டு, கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

மிளகு பயிரிட்டவன் பார்த்தான். கொடி வளர்த்தவன் அவன். மரம் ஏறிப் பறித்தவன் அவன். வெயிலில் காய வைத்தவன் அவன். ஆனால் நஷ்டமும் அவனுக்கே.

பிறகு என்ன நடந்தது? மிளகு கள்ளத்தனமாக நகர்ந்தது. மாடுகளின் முதுகில் ஏறி, மலை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனது. படகில் ஏறி இங்கிலீஷ்காரரிடம் போனது. ஒப்பந்தம் ஓலையில் இருந்தது. மிளகு வேறு வழியில் போனது.

வயிறு ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தத்தைக் கை ஒப்புக்கொள்ளாது. இது மிளகு கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

காப்பாற்றுவோம் என்றவர்கள் காணாமல் போனார்கள்

மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்தார். அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார். டச்சுக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. மிளகு விளையும் ஊர்கள் எல்லாம் ஒரே ராஜாவின் கைக்குப் போனால் கம்பெனி சொல்லும் விலை எப்படி எடுபடும்?

இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹோப் 1739-ல் நேரில் வந்து மார்த்தாண்ட வர்மாவைச் சந்தித்தார். மிரட்டிப் பார்த்தார். மன்னர் மசியவில்லை. பேச்சு முறிந்தது. போர் மூண்டது. 1741 ஆகஸ்டு 10-ந் தேதி குளச்சலில் டச்சுப்படை தோற்றது.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய கட்டம் வருகிறது.

1753-ல் மாவேலிக்கரையில் டச்சுக் கம்பெனியும் மார்த்தாண்ட வர்மாவும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார்கள். திருவிதாங்கூர் மிளகு கொடுக்க வேண்டும். கம்பெனி ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமான ஆயுதங்கள் தர வேண்டும்.

அதோடு இன்னொரு ஷரத்தும் இருந்தது. மற்ற மலையாள அரசர்களோடு செய்த ஒப்பந்தங்களிலிருந்து கம்பெனி விலகிக்கொள்ள வேண்டும். திருவிதாங்கூர் அவர்கள் மீது படையெடுத்தால் கம்பெனி தலையிடக் கூடாது. உதவி செய்யக் கூடாது. அடைக்கலமும் கொடுக்கக் கூடாது.

கம்பெனி கையெழுத்துப் போட்டது!

90 ஆண்டுகளாக "வேறு யாருக்கும் விற்காதே" என்று சொல்லி எந்த அரசர்களைக் கட்டிப்போட்டதோ, அதே அரசர்களை ஒரே நாளில் கைகழுவிவிட்டது. கம்பெனியை நம்பிக் கூடுதல் விலையை விட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அவர்கள் ஏமாந்தது எதனால்? கம்பெனி கேட்டபோது, "எங்களுக்கு வரும் நஷ்டத்தை யார் ஈடு செய்வது? நாளைக்கு நீ மனம் மாறினால் எங்கள் கதி என்ன?" என்று கேட்டு, பதிலை உறுதிப்படுத்திக்கொள்ளாததால்தான்.

மார்த்தாண்ட வர்மா மட்டும் மிளகு பயிரிட்டவனை வாழ வைத்தாரா? அதையும் சொல்லத்தான் வேண்டும். 1743-ல் அவர் மிளகு வியாபாரத்தைச் சர்க்காரின் தனி உரிமை ஆக்கினார். குடியானவன் மிளகைச் சர்க்காருக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்த வருமானத்தில் படை வளர்ந்தது. கோட்டைகள் எழுந்தன. ராஜ்யம் பெரிதானது. ஆனால் மிளகுக்கொடி நட்டவனுக்கு முதலாளி மாறினாரே தவிர, சந்தை திறக்கவில்லை.

கம்பெனியின் கதை? 1795-ல் கொச்சியை இங்கிலீஷ்காரரிடம் பறிகொடுத்தது. 1799 முடிவில் கம்பெனியே கலைக்கப்பட்டது.

மணலில் கிடந்த புதையல்

மிளகுக் கதை பழங்கதை. அதே கடற்கரையில் நடந்த இன்னொரு கதை இருக்கிறது. அது 20-ம் நூற்றாண்டின் கதை.

வட்டக்கோட்டைக் கரையில் மணல் சில இடங்களில் கறுப்பாக இருக்கும். குமரிக் கடற்கரையில் இப்படிப் பல இடங்கள் உண்டு. கறுப்புக்குக் காரணம் இல்மனைட் என்ற தாது. சில இடங்களில் மணல் சிவந்திருக்கும். அது கார்னெட். இவற்றோடு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இன்னொரு தாதும் கலந்து கிடக்கிறது. அதன் பெயர் மோனசைட்.

இது வெளியே தெரிந்த விதம் வேடிக்கையானது. இங்கிருந்து தேங்காய் நார் ஐரோப்பாவுக்குப் போனது. நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கவனித்தார். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வந்தார். 1909-ல், குளச்சலுக்குப் பக்கத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதைக் கண்டார்.

அப்போது அதனால் என்ன பயன்? கேஸ் விளக்கின் வலை! கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரியுமே, அதில் பளீரென்று ஒளி வீசும் வலையில் தோரியம் சேர்ப்பார்கள். அந்தத் தோரியம் மோனசைட்டிலிருந்து கிடைக்கிறது.

பிறகு அணுகுண்டு வந்தது. தோரியத்தை அணு எரிபொருளாக மாற்ற முடியும் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். அதுவரை விளக்கு வலைக்குப் பயன்பட்ட மணல் ராஜதந்திரிகளின் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

1951-ல் இந்தியாவில் கடுமையான உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் கோதுமை கேட்டது இந்தியா. அமெரிக்கா 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. ஆனால் கொடுப்பதற்கு முன் அமெரிக்க காங்கிரஸில் நீண்ட விவாதம் நடந்தது. "கோதுமை தருகிறோம், மோனசைட் தருவார்களா?" என்று சிலர் கேட்டார்கள். பிரதம மந்திரி நேரு, பசியை வைத்து மணல் பேரம் பேசுவதை விரும்பவில்லை.

ஒரு டன் சரக்கு, ஓயாத தந்தி

அந்தச் சமயத்தில் உலகம் இரண்டு முகாமாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் அமெரிக்கா. மறு பக்கம் சோவியத் ரஷ்யாவும் சீனாவும். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது.

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் முக்கியமான பொருள்கள் போகக் கூடாது என்று அமெரிக்கா நினைத்தது. நட்பு நாடுகளைச் சேர்த்துப் பாரிஸ் நகரில் ஒரு கமிட்டி அமைத்தது. எந்தெந்தப் பொருளை விற்கக் கூடாது என்று அந்தக் கமிட்டி பட்டியல் போட்டது. 1994-ல்தான் அது கலைக்கப்பட்டது.

1951-ல் அமெரிக்கா ஒரு சட்டமும் கொண்டுவந்தது. அதைப் "பேட்டில் சட்டம்" என்று அழைத்தார்கள். பேட்டில் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்குச் சண்டை என்று அர்த்தம். ஆனால் சட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது சண்டையால் அல்ல. அதைக் கொண்டுவந்த காங்கிரஸ் உறுப்பினரின் பெயர் லாரி பேட்டில்!

சட்டம் சொன்னது: தடை செய்யப்பட்ட பொருளை எதிர்முகாமுக்கு விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும். ஆயுதமும் அணுசக்திப் பொருளும் என்றால் விதிவிலக்கே கிடையாது.

1953 ஜூலையில் பம்பாயிலிருந்து போலந்து நாட்டுக் கப்பல் ஒன்று சீனாவுக்குப் புறப்பட்டது. அதில் சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட் இருந்தது. ஆலுவாயில் உள்ள இந்தியச் சர்க்காரின் தொழிற்சாலை, திருவிதாங்கூர்க் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு அது. அந்தத் தொழிற்சாலையை நேரு 1952 டிசம்பரில்தான் திறந்து வைத்திருந்தார்.

ஒரு டன் என்றால் எவ்வளவு? ஒரு மாட்டு வண்டிச் சுமை! அந்த ஒரு வண்டிச் சுமைக்காக வாஷிங்டனுக்கும் டில்லிக்கும் இடையே தந்திகள் பறந்தன. சட்டப்படி பார்த்தால் இந்தியாவுக்கு வரும் உதவி முழுவதும் நிற்க வேண்டும்.

அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் ஆலன் நேருவைச் சந்தித்தார். இனிமேல் இப்படி நடக்காது என்று உறுதி கேட்டார்கள். நேரு இணங்கவில்லை. உதவி தருகிறோம் என்பதற்காக, யாருக்கு விற்பது என்பதை வேறொரு நாடு தீர்மானிப்பதை இந்தியா ஏற்காது என்பதே அவருடைய நிலை.

முடிவு என்ன? இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தன. அமெரிக்கா உதவியை நிறுத்தவில்லை. இந்தியா நிபந்தனையை ஏற்கவில்லை. சண்டைக்குக் காரணமான தோரியம் நைட்ரேட்டைப் பிறகு அமெரிக்காவே இந்தியாவிடம் வாங்க முன்வந்தது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "அவனுக்கு விற்காதே" என்று வெறுமனே சொன்னபோது காரியம் நடக்கவில்லை. "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றபோது வழி பிறந்தது. நஷ்டத்தில் பங்கு ஏற்க முன்வந்தவன் சொல்லுக்கு மதிப்பு வந்தது.

இலங்கைக்குத் தேவை அரிசி

அதே காலத்தில் அண்டை நாடான இலங்கையில் நடந்ததைப் பாருங்கள்.

இலங்கைக்கு ரப்பர்தான் முக்கியமான சரக்குகளில் ஒன்று. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். உணவுக்கு வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த நாடு அது. 1952-ல் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. அரிசி விலை ஏறியது. இரண்டு பக்கமும் அடி!

சீனாவுக்கு ரப்பர் விற்பதை அமெரிக்கா விரும்பவில்லை. ரப்பர் இருந்தால் லாரிக்கும் விமானத்துக்கும் சக்கரம் செய்யலாம் அல்லவா? "சரி, விற்கவில்லை. எங்கள் ரப்பருக்கு நல்ல விலை கொடுங்கள். அரிசிக்கு வழி செய்யுங்கள்" என்றது இலங்கை. பேச்சு நடந்தது. கட்டுபடியாகும் விலை கிடைக்கவில்லை.

வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயகா பீக்கிங் போனார். 1952 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. ஆண்டுக்கு இலங்கை 50,000 டன் ரப்பர் கொடுக்கும். சீனா 2,70,000 டன் அரிசி கொடுக்கும். ரப்பருக்கு உலக விலையைவிட அதிகம். அரிசிக்கு உலக விலையைவிடக் குறைவு.

அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல. கம்யூனிஸ்டுகளை எதிர்த்தவர்கள்! அவர்களே சீனாவோடு கைகுலுக்கினார்கள். காரணம் கொள்கை அல்ல, அரிசி.

அதற்கு அமெரிக்கா கொடுத்த தண்டனை? 1956 வரை இலங்கைக்கு உதவி கிடைக்கவில்லை. அதே 1952-ல் டென்மார்க் நாடு ரஷ்யாவுக்கு ஓர் எண்ணெய்க் கப்பலைக் கட்டிக் கொடுத்தது. டென்மார்க்குக்கு உதவி நிற்கவில்லை! வேண்டிய பிள்ளைக்கு ஒரு நியாயம், வேண்டாத பிள்ளைக்கு ஒரு நியாயம் என்றால் ஊர் எப்படி ஒப்புக்கொள்ளும்?

இந்தியாவும் இதே வேண்டுகோளை விடுத்தது

அப்படியானால், ஒரு நாட்டோடு வியாபாரம் செய்யாதே என்று கேட்பதே தவறா? இல்லை. இந்தியாவே அப்படிக் கேட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அங்கே நிறத்தைப் பார்த்து மனிதனைத் தாழ்த்தினார்கள். இந்தியர்களுக்கு நிலம் வாங்கும் உரிமையை முடக்கச் சட்டம் போட்டார்கள்.

1946-ல் இந்தியா அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது. உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த நாடு இந்தியாதான். அப்போது இந்தியாவின் ஏற்றுமதியில் சுமார் 5 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருமானம் போனது. சணல் சாக்குகளின் வியாபாரம் போனது. போனால் போகட்டும் என்று இருந்தது.

பிறகுதான் மற்றவர்களைக் கேட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டது. காமன்வெல்த்தில் கேட்டது. 1962-ல் ஐ.நா. பொதுச்சபையும் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. பெரிய நாடுகள் பல நெடுங்காலம் காது கொடுக்கவில்லை. ஆனாலும் இந்தியா தன் கதவைத் திறக்கவில்லை. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் தறுவாயில், 1993-ல்தான் திறந்தது.

தன் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அடுத்தவனைக் கேட்டது இந்தியா. அதனால் அந்த வேண்டுகோளுக்கு யோக்கியதை இருந்தது. டச்சுக் கம்பெனி தன் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. மலையாளக் கரைக் குடியானவனின் கையைச் சுட்டது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

டச்சுக்காரர் வீட்டுக் கதவையும் தட்டினார்கள்

காலச் சக்கரம் சுழல்கிறது. அன்று மற்றவர்களைக் கட்டிப்போட்ட டச்சுக்காரர்களுக்கே பின்னாளில் அந்த நிலை வந்தது!

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உயிர் கொடுப்பது சிப் என்னும் சின்னஞ்சிறு சில்லு. அதிலும் மிக நுட்பமான சில்லுகளைச் செய்ய ஒரு விசேஷ யந்திரம் வேண்டும். அதைச் செய்வது உலகத்திலேயே ஒரே கம்பெனி. நெதர்லாந்து நாட்டின் ஏ.எஸ்.எம்.எல்.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் போட்டி முற்றியது. "அந்த யந்திரத்தைச் சீனாவுக்கு விற்காதீர்கள்" என்று அமெரிக்கா நெதர்லாந்தை வற்புறுத்தியது. 2022 அக்டோபரில் அமெரிக்கா தானே கடுமையான தடை போட்டது. பிறகு நெதர்லாந்தையும் ஜப்பானையும் கூப்பிட்டுப் பேசியது. இரண்டு நாடுகளும் 2023-ல் கட்டுப்பாடு விதித்தன. நெதர்லாந்தின் கட்டுப்பாடு 2023 செப்டம்பர் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது.

மிளகு போய் யந்திரம் வந்திருக்கிறது. ஓலை போய்க் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கேட்கும் வேண்டுகோள் மட்டும் மாறவில்லை.

திருப்பூர் வரை வந்த அலை

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ரஷ்யாவின் எண்ணெயை வாங்கக் கூடாது என்று மேல்நாடுகள் சொல்லின. ரஷ்யா விலையைக் குறைத்தது. இந்தியா வாங்கியது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி, இந்தியச் சரக்குகளுக்கு மேலும் 25 சதவீத வரி போட்டது. ஏற்கனவே போட்ட 25 சதவீதத்தோடு சேர்ந்து அது 50 சதவீதம் ஆனது. திருப்பூர்ப் பனியனுக்கும் கடற்கரை ஊர்களின் இறாலுக்கும் அடி விழுந்தது. பனியன் தைக்கும் பெண்ணுக்கும் ரஷ்ய எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் ஓவர்டைம் போனது அவளுக்குத்தான்.

உக்ரைன் மக்கள் மீது குண்டு விழுவது பொய்யல்ல. எண்ணெய்ப் பணம் போருக்குப் போகிறது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அதை இந்தியர்கள் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆகஸ்டில் இந்திய வெளிநாட்டு இலாகா ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்கா தன் அணு உலைகளுக்கு வேண்டிய யுரேனியப் பொருளை ரஷ்யாவிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் இருந்தது! ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவின் எரிவாயுவை வாங்கின. இந்தியாவைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு, இந்தியாவுக்குப் போட்டது போன்ற எண்ணெய் வரி அப்போது போடப்படவில்லை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். புண்ணியம் ஒருவருக்கு. தேங்காய் இன்னொருவருடையது.

கேட்க வேண்டிய கேள்வி

மிளகு, மணல், ரப்பர், யந்திரம், எண்ணெய். சரக்கு மாறுகிறது. கணக்கு ஒன்றுதான்.

ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்து, "அவனோடு வியாபாரம் வேண்டாம்" என்று கேட்கலாம். காரணம் நியாயமாக இருந்தால் கேட்கத்தான் வேண்டும். கொலைகாரனுக்குக் கத்தி விற்கும் கடை நல்ல கடை அல்ல. பக்கத்து வீடு எரியும்போது, "எனக்கு வியாபாரம்தான் பெரிது" என்பவனும் நல்ல மனிதன் அல்ல.

ஆனால் கேட்பவன் முதலில் தன் கடையை அடைக்க வேண்டும். அடைத்துவிட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போது, "உனக்கு வரும் நஷ்டத்தில் நான் இவ்வளவு தாங்குகிறேன்" என்று சொல்ல வேண்டும். நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டும். நாளைக்குத் தனக்கு லாபம் என்றதும் எதிரியோடு ராஜி செய்துகொண்டு, நம்பியவனை நடுக்கடலில் விடக் கூடாது.

இதையெல்லாம் செய்யாமல் கேட்டால்? அதற்குப் பெயர் வேண்டுகோள் அல்ல, மிரட்டல். மிரட்டலுக்குப் பணிந்தவர்களின் மிளகு கள்ள வழியில் போனது. மிரட்டலுக்குப் பணியாதவர்கள் வேறு சந்தையைத் தேடிப் போனார்கள். எதிரி மெலிந்தானோ இல்லையோ, நண்பர்கள் குறைந்தார்கள்.

இந்தப் பாடம் வெளிநாட்டுக்கு மட்டும் அல்ல. இந்தியா வளர்ந்து வருகிறது. பக்கத்தில் சிறிய நாடுகள் இருக்கின்றன. "அவனிடம் வாங்காதே, அவனுக்கு விற்காதே" என்று இந்தியா அவர்களிடம் கேட்கும் சந்தர்ப்பம் வரலாம். அப்போது வாஷிங்டனுக்கு ஒரு நியாயம், டில்லிக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது. பெரியவனிடம் எதிர்பார்த்த மரியாதையைச் சிறியவனுக்கும் கொடுக்க வேண்டும். 1946-ல் காட்டிய வழி அதுதான். முதலில் தன் நஷ்டம், பிறகு அடுத்தவனுக்கு வேண்டுகோள்.

சர்க்கார்கள் ஒப்பந்தம் போடும்போது மேஜையைச் சுற்றி மந்திரிகளும் தூதர்களும் உட்காருகிறார்கள். மிளகு பறித்தவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. ரப்பர் பால் வெட்டியவளுக்கும், பனியன் தைத்தவளுக்கும் இல்லை. அவர்களுக்கு நாற்காலி போட முடியாவிட்டாலும் போகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன், "இந்த நஷ்டம் யார் வீட்டு அடுப்பை அணைக்கும்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். அந்த அடுப்பு அணையாதபடி வழி செய்துவிட்டுப் பேனாவை எடுக்கலாம்.